பட்டியலின் கடைசிப் பெயர்

செய்யாறு தொழிற்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியின் மனிதவளத் துறையில் ஆறு வருஷம் இருந்தேன். மனிதர்களை வளர்த்தேனா என்று கேட்காதீர்கள், கம்பெனி பஸ் நேரத்துக்கு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தகுதி போதும் என்று, எங்கள் ஆரணியில் முப்பது கைத்தறி போட்டுப் பட்டுச் சேலை நெய்யும் முதலாளி ஒருவர் என்னை மேனேஜராகக் கூப்பிட்டுக்கொண்டார். கண்ணாடி அறை கொடுத்தார். தறிச் சத்தம் உள்ளே வராது.

முதலாளி சென்னையில் ஏதோ ஓட்டலில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்திருந்தார். போட்டி இருந்தால்தான் உற்பத்தி ஏறும் என்று அங்கே சொன்னார்களாம். மதியச் சாப்பாடும் பிரமாதமாம். உடனே நான் ஒரு பட்டியல் தயாரித்தேன். மாதத்தில் யார் எத்தனை மீட்டர் நெய்தார்கள் என்று வரிசைப்படுத்தி வாசலில் ஒட்டுவது, கடைசியில் வருபவரை வீட்டுக்கு அனுப்புவது. அந்த இரண்டாவது யோசனை என் சொந்தச் சரக்கு. முதலாளி என் தோளில் தட்டினார்.

முதல் மாதப் பட்டியலில் கடைசியாக வந்தவர் பாவு பிணைக்கும் அக்கா. தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளான பாவு தீர்ந்ததும், புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழையதன் நுனியோடு, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கி இணைப்பவர். ஆயிரக்கணக்கான இழைகள், ஒரு நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிராது. பதினோரு வருஷமாக அந்தக் கூடத்தில் அதுதான் அவர் வேலை. அவருக்கென்று தறி இல்லாததால் நெய்தது பூஜ்யம் மீட்டர். மகள் வந்தவாசியில் நர்சிங் படிக்கிறாள், இந்த ஒரு வருஷம் மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்டார். விதி எல்லோருக்கும் ஒன்று என்று நான் விளக்கினேன். எவ்வளவு அழகாக விளக்கினேன் என்று நினைத்தால் இப்போதும் என்னையே அறையத் தோன்றுகிறது. அவர் சாம்பல் டப்பாவை எடுத்துக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் ஒரு தறியில் பாவு தீர்ந்தது. மறுநாள் இன்னும் இரண்டு. பக்கத்துத் தறிக்காரருக்குப் பிணைக்கத் தெரியும். முன்பெல்லாம் அவசரமென்றால் சொல்லாமலே எழுந்துவந்து கை கொடுப்பார். கேட்டுப் பார்த்தேன்.

"அதப் பிணைச்சிகினு ஒக்காந்தா என் மீட்டர யாரு சார் நெய்வாங்க? அடுத்த மாசம் கடைசிப் பேரு என்னுதா வரட்டுமா?"

என் திட்டத்தை அந்தக் கூடத்தில் முழுசாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். இழை அறுந்தால்கூட ஒருவருக்கொருவர் எட்டிப் பார்ப்பதில்லை. பத்து நாளில் பன்னிரண்டு தறி நின்றது. ஆவணி முகூர்த்தத்துக்குச் சேலை கேட்டிருந்த கடைக்காரர் வேறு ஊரில் வாங்கிக்கொண்டார். பெரிய பேஜாராகிவிட்டது, ஜல்தியாகப் போய் அந்த அம்மாவைக் கூட்டிவா என்றார் முதலாளி. பயிற்சிக்குப் போனதே அவருக்கு மறந்துவிட்டது.

அக்கா தன் தெருவில் ஒரு வீட்டுத் தறியில் பாவு பிணைத்துக்கொண்டிருந்தார். திரும்ப வரச் சொன்னேன். தலை நிமிரவில்லை.

"அந்தப் பட்டியல்ல உங்க பேரு எத்தினியாவது சார்?"

நான் பட்டியலில் இல்லை என்றேன்.

"நீங்க எத்தினி மீட்டர் நெஞ்சீங்க?"

நான் எங்கே நெய்தேன் என்றேன். அவர் அடுத்த இழையை முறுக்கினார்.

"அப்ப நானும் நீங்களும் ஒண்ணுதான். உங்க பேரையும் போட்டு ஒட்டுங்க, வரேன்."

அசிங்கமாக இருந்தது. கோபமும் வந்தது, அதை யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. மறுநாள் காலை என் பெயரைக் கடைசியில் சேர்த்து, எதிரே பூஜ்யம் போட்டு வாசலில் ஒட்டினேன். நெசவாளர்கள் ஒருவர் விடாமல் வந்து படித்தார்கள். மதியம் அக்கா வந்தார், நிதானமாகப் படித்தார், போய் நின்றுபோன முதல் தறியில் உட்கார்ந்தார்.

சாயங்காலம் முதலாளி வந்து பட்டியலைப் படித்தார். பக்கத்துத் தறிக்காரர் எழுந்து, உங்கள் பெயரை எந்த இடத்தில் போடுவது என்று மரியாதையாகத்தான் கேட்டார். முதலாளி தன் கையாலேயே அதைக் கிழித்தார்.