டொக்டொக் சாரின் சிவப்பு வண்டி

விரலை மடக்கிக் கார்க் கதவில் இரண்டு தட்டு. பிறகு காதைச் சாய்த்து, கதவு என்ன சொல்கிறது என்று கேட்பார். ஓர் அடி நகர்ந்து இன்னும் இரண்டு தட்டு. "பட்டி பூசி மறைச்சிருக்காங்க தம்பி. பின்கதவு ஒருதடவை நல்லா அடி வாங்கியிருக்கு." கார் அவருடையதல்ல. எங்கள் குடியிருப்புக்கு வந்த விருந்தாளி யாரோ விட்டுப்போனது. காலையில் வேலைக்குக் கிளம்புகிற மனிதர் நேராகத் தன் வண்டிக்குப் போய் நான் பார்த்ததில்லை. வழியில் நிற்கிற அத்தனை வண்டிகளையும் விசாரித்துவிட்டுத்தான் போவார். அதனால் அவருக்கு டொக்டொக் சார் என்று பெயர். வைத்தவர்கள் பட்டறைக்காரர்கள். மாடி மாடியாகப் பரப்பியது நான்.

விபத்தில் அடிபட்ட கார்களைப் பார்த்து, இன்ஷூரன்ஸ் கம்பெனி எவ்வளவு தரலாம் என்று எழுதிக் கொடுப்பது அவர் தொழில். முப்பத்தொரு வருடமாக இதே வேலை. சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் மஞ்சள் சாக்பீஸ் ஒன்று எப்போதும் இருக்கும். அடிபட்ட இடத்தைச் சுற்றி வட்டம் போடுவார், படம் எடுப்பார், வண்டியின் வயதைப் பார்த்துத் தேய்மானம் கழிப்பார். ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் பாதிக்குப் பாதி கழிவு. கண்ணாடிக்கு மட்டும் கழிவு கிடையாது. "உலகத்துல கண்ணாடி ஒண்ணுதான் தம்பி கிழடு தட்டாது" என்று வழுக்கையைத் தடவிக்கொள்வார். சட்டைப் பையில் எந்நேரமும் மஞ்சள் பொடி. சலவைக்காரர் அலுத்துப்போய் அதை விட்டுவிட்டார்.

புதுக் கார் வாங்குகிறேன் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், பிடித்துக்கொள்வார். "சாவி கைக்கு வந்த அன்னிக்கே பத்துல ரெண்டு பங்கு ஆவியாப் போயிடும். முதல் ஆளு மூக்கை உடைச்சுக்கட்டும், நீ ரெண்டாவது ஆளாப் போ." நான் ரெண்டாவது ஆளாகப் போனவன். என் வண்டியில் ரேடியோவை அணைத்தால் உள்விளக்கு எரியும். அதையும் வாங்கும்போதே கண்டுபிடித்து, விலையில் குறைக்கவைத்தவர் அவர்தான். குறை சொல்ல வழியில்லாமல் ஏழு வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் மேல் பைத்தியமானார் என்றால் எங்கள் குடியிருப்பில் யார் நம்புவார்கள்? ஒரு பட்டறையில் பின்பக்கம் நசுங்கிக் கிடந்த ஸ்போர்ட்ஸ் காரைப் பார்க்கப் போயிருக்கிறார். இரண்டே இருக்கை. எஞ்சின் ஓடுகிறதா என்று பார்க்க உள்ளே உட்கார்ந்து கிளப்பியிருக்கிறார். அவ்வளவுதான். "ஆக்ஸிலரேட்டர்ல காலை வச்சேன். உறுமிச்சு பாரு, அப்படியே முதுகுத்தண்டுல ஏறிடுச்சு. அம்பத்தேழு வயசுல எனக்கு வெக்கம் வந்துடுச்சு தம்பி." அன்றைய ரிப்போர்ட்டில் வண்டி எண்ணைத் தப்பாக எழுதி, அலுவலகத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டாராம்.

அதன் பிறகு மூன்று மாதத்தில் ஒன்பது முறை ஷோரூமுக்குப் போனார். பணம் இல்லாமல் இல்லை. வீட்டுக் கடன் முடிந்துவிட்டது, மகள் வேலைக்குப் போய்விட்டாள். குறுக்கே நின்றது அவரேதான். விற்பனைப் பெண் வண்டியின் வேகத்தைச் சொல்வாள். இவர் அது மூன்றாம் வருடம் என்ன விலைக்குப் போகும் என்று அவளுக்குச் சொல்வார். ஒருநாள் இவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த வேறொரு தம்பதி, வாங்க வந்த காரை வாங்காமலே எழுந்து போனார்கள். "சார், நீங்க வாங்காட்டியும் பரவால்ல. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்று அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாள். இதைச் சொல்லி அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வாங்கப்போகிற ஆளைப் பற்றியே ஒரு ரிப்போர்ட் எழுதினார். எனக்கு உரக்கப் படித்தும் காட்டினார். "தயாரிப்பு ஐம்பத்தேழு வருடம் முன்பு. கூரை: பெயிண்ட் முழுதும் உதிர்ந்துள்ளது. முன்பக்கம்: நான்கு அங்குலம் வெளியே தள்ளியுள்ளது, தட்டி உள்ளே அனுப்ப இயலாது. சைலன்சர்: இரவில் அதிக சத்தம், மனைவி புகார். ரிப்பேர் செய்வதில் லாபமில்லை. மொத்த நஷ்டம் எனப் பரிந்துரைக்கிறேன்." கையெழுத்தும் தேதியும் போட்டிருந்தார். "சிவப்பு வண்டியில இது ஏறி உக்காந்தா, வண்டிக்கே மானம் போயிடும் தம்பி."

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். மருந்துக் கடையில் வேலை. மாத்திரை அட்டைகளைத் திருப்பித் திருப்பித் தேதி பார்த்தே கண்ணாடி போட்டவர். ரிப்போர்ட்டை வாங்கிப் படித்துவிட்டு மடித்து வைத்தார். "எங்க கடையில காலாவதி தேதி இல்லாத மாத்திரை ஒண்ணுகூடக் கிடையாது. அதுக்காகத் தலைவலின்னு வர்றவங்களை, நாளைக்குக் காலாவதியாயிடும், வாங்காதீங்கன்னு திருப்பி அனுப்பறனா?" என்றார். டொக்டொக் சார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

கடைசியில் விற்பனைப் பெண்ணே ஒரு கெடு வைத்தாள். வேறொருவர் கேட்கிறார், சனிக்கிழமை மாலைக்குள் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவருக்குக் கொடுத்துவிடுவோம். சனிக்கிழமை மதியம் அக்காவையும் துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பளபளவென்ற தரையில், தலைக்கு மேல் நீள நீளமான விளக்குகளுக்குக் கீழே சிவப்பு வண்டி நின்றது. சுற்றி வந்தார். குனிந்தார். தட்டினார், கேட்டார். முன்சக்கரத்துக்கு மேலே ஓர் இடத்தில் அவர் கண் நின்றது. கை சட்டைப் பைக்குப் போனதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அவரும் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால், புத்தம்புது வண்டியின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் வட்டம்.

விற்பனைப் பெண் ஓடிவந்து பார்த்தாள். வட்டத்துக்குள் ஒரு நெளிவும் இல்லை. மேலே இருந்த விளக்கின் பிம்பம்தான் பெயிண்டில் வளைந்து தெரிந்திருக்கிறது.

அக்கா கத்தவில்லை. பக்கத்தில் போய் நின்று, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார். இரண்டடி தள்ளி நின்ற எனக்கும் கேட்டுவிட்டது. "இது இன்னும் ரோட்டுக்கே வரலைங்க. அதுக்குள்ள நீங்க இடிச்சு முடிச்சிட்டீங்க. நம்ம பொண்ணைக் கையில வாங்கினப்பவும் இப்படித்தான். பிரசவத்துல ஆயுதம் போட்டு எடுத்த தழும்பு நெத்தியில இருக்கேன்னு அதையே பாத்தீங்க. முகத்தைப் பாக்க ரெண்டு நாளாச்சு. ஒரு தடவையாவது முழுசா இருக்கும்போதே ஒண்ணைப் பாருங்களேன்."

அவர் முகம் சுருங்கிப்போனது. எனக்கு அந்த இடத்தில் நிற்கவே சங்கடமாக இருந்தது. மாடி மாடியாகப் பெயர் பரப்பியதற்கு அன்றைக்குத்தான் முதன்முதலாக வருத்தப்பட்டேன். அவர் கைக்குட்டையை எடுத்து வட்டத்தைத் துடைத்தார். சாக்பீஸ் போன பிறகும் துடைத்தார். பிறகு விற்பனைப் பெண்ணிடம், "படாத அடிக்கு வட்டம் போட்ட முதல் ஆள் நான்தாம்மா. என் லைசென்ஸைத்தான் புடுங்கணும். பேப்பரைக் கொண்டா, அதுக்கு முன்னாடி கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார். மூன்றாம் வருட விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. விற்பனைப் பெண்தான் நம்பாமல் இரண்டு முறை கேட்டுக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து, ஒரு மத்தியான வேளையில் வண்டி வந்தது. சத்தம் கேட்டு மாடிகளில் தலைகள் முளைத்தன. அவ்வளவு தாழ்வான வண்டியிலிருந்து இறங்குவது லேசுப்பட்ட வேலை இல்லை. அக்கா முதலில் ஒரு காலை வெளியே நீட்டி, கதவைப் பிடித்து, உடம்பைத் திருப்பி, ஒருவழியாக நிமிர்ந்து, பையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். இவர் இறங்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று. மேலே நின்றவர்கள் சலித்துப்போய் உள்ளே போய்விட்டார்கள். பாவம், எழுந்திருக்க முடியவில்லை போலிருக்கிறது என்று கீழே ஓடினேன். கதவைத் திறந்து, பிடித்து எழுந்துகொள்ளட்டும் என்று கையை நீட்டினேன்.

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு பற்றி, இரண்டு முறை அழுத்தமாகக் குலுக்கிவிட்டு, "ரொம்ப தேங்க்ஸ் தம்பி" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.