இஸ்திரி வண்டியில் சொன்ன சாட்சி

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி உள்ளே போகிற தெருவில் என் இஸ்திரி வண்டி நின்றது. எண்பத்தொன்பதில் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தோம். வீட்டுக்காரர் இஸ்திரி போட்டார். நான் வீடு வீடாகப் போய்த் துணி வாங்கி வந்தேன். இரண்டு வருஷத்தில் லாரி இடித்து அவருக்கு ஒரு கால் பலமில்லாமல் போயிற்று. அதற்குப் பிறகு இஸ்திரிப் பெட்டியை நான் பிடித்தேன். ஐந்தாவது வரை படித்திருக்கிறேன். எழுதுவேன், மெதுவாக.

வண்டிக்கு எதிரே ஒரு மாடி வீடு. அதன் மாடிக்கு ஒரு வெள்ளைக்கார அம்மா குடி வந்தார். ஹாலந்துக்காரர். அங்கே தபால் ஆபீசில் முப்பது வருஷம் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்கியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பென்ஷன் வந்ததும் ஊரை விட்டு இங்கே வந்துவிட்டார்.

தெருவில் எல்லோரும் என்னை வா, போ என்றுதான் பேசுவார்கள். பள்ளிக்கூடம் போகிற பெண்கூட. அந்த அம்மா முதல் நாளே "வாங்க" என்றார். தமிழ் தெரியாமல் சொல்கிறார் என்று நினைத்தேன். தெருச் சண்டை புரிகிற அளவுக்குத் தமிழ் வந்த பிறகும் அதை மாற்றவில்லை.

வருஷத்துக்கு ஒரு முறை அவருக்குத் தடியான உறை ஒன்று வரும். அதைப் பிரித்த அன்று மட்டும் பேச்சு குறைந்துவிடும். என்ன என்று கேட்டேன். இன்சூரன்ஸ் என்றார். அவர் ஊரில் இருந்தால் வைத்தியத்துக்கு வழி உண்டாம். ஊரை விட்டுப் போனவர்களுக்கு அது கிடையாதாம். அதனால் வெளிநாட்டில் போய்த் தங்கும் வயதானவர்களுக்கென்று இருக்கிற ஒரு கம்பெனியில், கிளம்பும்போதே சேர்ந்திருந்தார்.

"சீட்டு மாதிரிங்களா?" என்று கேட்டேன்.

"சீட்டு திரும்பி வரும். இது நோய் வந்தாதான் வரும்."

"நோய் வரலன்னா?"

"போச்சு."

"அப்ப நோய் வரணும்னு கட்றீங்களா, வரக்கூடாதுன்னு கட்றீங்களா?"

"இத்தன வருஷமா கட்றேன். இத யோசிக்கல," என்றார். பிறகு சிரித்தார்.

வயது ஏற ஏறக் கட்ட வேண்டியதும் ஏறியது. பென்ஷன் அவ்வளவு ஏறவில்லை. ஒரு வருஷம் உறை வந்த பிறகு வெளியில் போய்க் காப்பி குடிப்பதை விட்டார். அடுத்த உறைக்கு டெலிபோன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்கடுத்த வருஷம் ஆட்டோ ஏறுவதை நிறுத்தினார். பாங்கு வேலைக்குப் பெரிய கோயில் பக்கம் நடந்தே போய் வருவார். எனக்குக் கோபம் வரும். அவர் கோபப்பட்டு நான் பார்க்கவில்லை. "எனக்கு வயசு ஜாஸ்தி ஆகுது. அவங்க பயம் அவங்களுக்கு," என்பார்.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். கம்பிக் கதவைத் திறந்துகொண்டு நேராக என் வண்டிக்கு வந்தார். முகமெல்லாம் வேர்வை.

"நெஞ்சுல கல்லு வெச்ச மாதிரி இருக்கு. ஆட்டோ கூப்பிடுங்க," என்றார்.

பால் வாங்கச் சொல்வது போலத்தான் சொன்னார். நான் ஆட்டோவோடு வருவதற்குள் மேலே போய் வீட்டைப் பூட்டி, இன்சூரன்ஸ் காகிதங்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்திருந்தார். படி ஏறியதற்கு நான் திட்டினேன். பூட்டாமல் எப்படி வருவது என்றார். இங்கே ஒரு டாக்டர் பார்த்தார். உடனே சென்னைக்குக் கொண்டுபோகச் சொன்னார். காரில் நானும் போனேன். வழியெல்லாம் என் கையைப் பிடித்திருந்தார். ஒரு வார்த்தை புலம்பவில்லை. சென்னையில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். ஒரு மாதம் ஆயிற்று திரும்பி வர. ரவிக்கை எல்லாம் தொளதொளவென்று தொங்கியது.

ஆஸ்பத்திரிக்கு அவர்தான் கட்டினார். சேர்த்து வைத்தது அத்தனையும் போயிற்று. பிறகு பில்லை அனுப்பினால் கம்பெனி கொடுக்கும். அதுதான் ஏற்பாடு. கொடுக்காவிட்டால் அடுத்த தடவை நோய் வந்தால் கையில் ஒன்றும் இருக்காது. ஊரில் அவருக்கு ஒரு தங்கை. திரும்பி வந்துவிடு, இங்கே ஒரு அறை பார்த்துவிட்டேன் என்று எழுதிக்கொண்டே இருந்தார். இந்த அம்மாவுக்குப் போக மனமில்லை. பணம் வந்தால் இருப்பார். வராவிட்டால் போயாக வேண்டும். இதை என்னிடம் மறைக்கவில்லை.

அப்போதுதான் ஒரு ஆள் என் வண்டிக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். பேண்ட் சட்டை, கையில் ஒரு பை. எதிர் மாடியைக் காட்டி, அவங்களைத் தெரியுமா என்றார். தெரியும் என்றேன். இன்சூரன்ஸ் விஷயமாக விசாரிக்கச் சென்னையிலிருந்து வந்திருப்பதாகச் சொன்னார். தன்மையாகப் பேசினார். எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. பணம் கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

இதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரருக்குக் கால் போனபோது அரசாங்க உதவித்தொகைக்கு மனு போட்டோம். வீட்டுக்கு விசாரிக்க அதிகாரி வந்தார். அன்றைக்கு இவரைப் பாயில் படுக்க வைத்தோம். அக்கம்பக்கம் எல்லோரும், எழுந்து உட்காரக்கூட முடியாது, சாப்பாடு ஊட்டித்தான் விடுகிறார்கள் என்று சொன்னார்கள். உண்மையில் அவர் தடி ஊன்றி டீக்கடை வரை போவார். கஷ்டத்தைக் கம்மியாகச் சொன்னால் மனு நிற்காது. எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். பணமும் வந்தது. விசாரணை என்று ஒருவர் வந்தால் எப்படிப் பேச வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்று இருந்தேன்.

அந்த ஆள் கேட்டார். "முன்னாடியே அவங்களுக்கு உடம்புக்கு எதுனா இருந்துச்சாம்மா?"

"இன்னா இப்படிக் கேட்டுட்டீங்க," என்றேன். "வந்த நாள்லருந்தே மூச்சு வாங்கும். நாலு படி ஏறுனா நெஞ்சப் புடிச்சினு நிப்பாங்க. பாவங்க அவங்க. பார்த்துக் குடுங்க."

அவர் எழுதிக்கொண்டார். படித்துக் காட்டினார். கையெழுத்துப் போடச் சொன்னார். எனக்குக் கைநாட்டு இல்லை, கையெழுத்துதான். நன்றாகப் போட்டேன். அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. பணம் வந்த பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

கம்பெனியிலிருந்து கடிதம் வர இரண்டு மாதம் ஆயிற்று. அவர் அதை எடுத்துக்கொண்டு வண்டிக்கு வந்தார். நான் பெட்டியில் கரி போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு காகிதத்தைத் துணி மேல் வைத்தார்.

"இது உங்க கையெழுத்து."

ஆமாம் என்றேன்.

"சேர்றதுக்கு முன்னாடியே எனக்கு நெஞ்சு நோவு இருந்துச்சாம். அத மறைச்சிட்டேனாம். பணம் இல்லன்னு எழுதியிருக்காங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. நோய் அதிகம் என்று சொன்னால் எப்படிப் பணம் இல்லாமல் போகும்? அவர் பொறுமையாகச் சொன்னார். சேரும்போது என்ன நோய் இருக்கிறது என்று கேட்பார்கள். அவர் உள்ளதை எழுதினார். சின்ன வயதில் முழங்காலில் செய்த ஆபரேஷனைக்கூட எழுதினார். நெஞ்சுக்கு ஒன்றும் இல்லை, அதனால் எழுதவில்லை. இப்போது வந்த நாளிலிருந்தே மூச்சு வாங்கியது என்றால் அவர் பொய் எழுதினார் என்று ஆகிறது.

பெட்டியைக் கீழே வைத்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று சொன்னேன். வீட்டுக்காரர் பாயில் படுத்ததையும் சொன்னேன். அந்த அம்மா வண்டிக்குப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார். வேறு யாராக இருந்தாலும் என்னை வாயில் வந்தபடி கேட்டிருப்பார்கள். கேட்க நியாயமும் இருந்தது.

"பாய்ல படுத்தப்போ அவர் சிரிக்கலயா?" என்று கேட்டார்.

"சிரிச்சாரு. நான் போர்வைய இழுத்து மூஞ்சில போட்டேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் போட்ட இடம் வலிக்கும். நெஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டு சிரித்தார். எனக்குத்தான் அழுகை வந்தது. நான் அழவில்லை.

பொய் சொல்லிவிட்டேன் என்று எழுதித் தருகிறேன் என்றேன். நோயே கிடையாது, கல்லு மாதிரி இருந்தார் என்று எழுதுகிறேன் என்றேன்.

"வேணாம். அதுவும் இதே மாதிரிதான். நீங்க கண்ணால பார்த்தத மட்டும் எழுதுங்க."

என்ன எழுத வேண்டும் என்று அவரையே சொல்லச் சொன்னேன். மாட்டேன் என்றார். தான் சொன்னால் அது தன் சாட்சியாகிவிடும் என்றார். மேலே போய்விட்டார்.

இன்றைக்கு இனி இஸ்திரி இல்லை என்று வீடுகளில் சொல்லிவிட்டேன். ஒரு நோட்டு வாங்கினேன். வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு எழுதியதில்லை. தினமும் ஆறரைக்கு நடக்கப் போவார். எட்டு மணிக்கு வருவார். பௌர்ணமிக்கு மலை சுற்றுவார். பாங்குக்கு நடந்து போவார். அந்த ஆளிடம் நான் ஏன் கூட்டிச் சொன்னேன் என்பதையும் எழுதினேன். பாய் விஷயத்தை எழுதப் பயமாக இருந்தது. உதவித்தொகை நின்றுவிடுமோ என்று. வீட்டுக்காரர், எழுது, அவங்க எப்படியும் ஹாலந்துலதான படிப்பாங்க என்றார். எழுதினேன்.

மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தார். நான் எழுதிய தமிழை அவர் படிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

"ஒண்ணு விட்டுட்டீங்க. மோட்டார் கெட்டுப்போச்சே, அந்த வெயில் காலம்? ரெண்டு குடம் தூக்கினு மாடிப்படி ஏறி, கம்பியப் புடிச்சினு நின்னேன். நீங்க பார்த்துட்டு ஓடி வந்தீங்க."

நினைவு வந்தது. அவர் குடி வந்து இரண்டாவது வருஷம். அன்று அவருக்கு மூச்சு வாங்கியது உண்மை.

"அத எழுதுனா உங்களுக்குத்தான் கெடுதி," என்றேன். "ரெண்டு குடம் தூக்குனா எனக்குந்தான் மூச்சு வாங்கும்."

"அப்ப அதையும் எழுதுங்க."

எழுதினேன். ஆபரேஷன் செய்து நாலு மாதம் ஆன மனுஷி. கையில் பணம் இல்லை. ஊரை விட்டுப் போக வேண்டி வரலாம். தனக்கு எதிராக இருக்கிற ஒரு வரியைத் தானே கேட்டு எழுதி வாங்கினார். அதைப் போல் ஒருவரை நான் பிறகு பார்க்கவில்லை. கோயில் ஊரில் இருக்கிறேன். எவ்வளவோ பெரியவர்களைப் பார்க்கிறேன்.

இங்கிலீஷில் மாற்றி எழுதினார். என் தமிழையும் சேர்த்து வைத்து அனுப்பினார். முதலில் பார்த்த டாக்டரிடமும் ஒரு கடிதம் வாங்கி வைத்தார். காத்திருந்தோம். ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. தங்கையின் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. அவர் பாத்திரங்களை யாருக்கு எது என்று பிரிக்க ஆரம்பித்தார். எனக்கு இட்லிக் குண்டான். வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்கிக்கொள்ளவும் இல்லை.

புரட்டாசியில் பதில் வந்தது. தபால்காரரிடம் வாங்கி வண்டியில் நின்றே பிரித்தார். இரண்டு தடவை படித்தார்.

"தர்றாங்க," என்றார்.

"முழுசுமா?"

"கொஞ்சம் புடிச்சினுதான். பரவால்ல. இங்கயே இருக்கலாம்."

அந்த வருஷத்து உறையும் பின்னாலேயே வந்தது. என்னென்ன நோய் என்று கேட்டிருந்த இடத்தில் நெஞ்சு ஆபரேஷன் என்று எழுதினார். எழுதினால் ஏற்றுவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஏற்றினார்கள். ஒரு வருஷ வாடகையைவிட அதிகம் ஆயிற்று. ஒரு நாள் முழுவதும் யோசித்தார். கட்டுவது என்று முடிவு செய்தார். மாடியைக் காலி செய்துவிட்டு, நாங்கள் குடியிருந்த தெருவுக்கு வந்தார். வரிசையாக ஐந்து அறை. ஐந்து குடித்தனத்துக்கும் ஒரே குளியலறை. காலையில் வாளியோடு வரிசையில் நிற்க வேண்டும்.

சாமான்களை என் இஸ்திரி வண்டியிலேயே ஏற்றினோம். கட்டில், நாற்காலி, புத்தகங்கள். தள்ள வேண்டாம் என்று சொன்னேன். கேட்கவில்லை. ஒரு பக்கம் கை வைத்து நடந்தார். பாதியில் நின்றார். "மூச்சு வாங்குது. நீங்க சாட்சி," என்றார். வண்டியை நிழலில் ஓரம் கட்டினேன். கொஞ்சம் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பிறகு போனோம்.

கடைசி வரை அந்த அறையில்தான், ஆறு வருஷம் இருந்தார். வாளி வரிசையில் மூன்றாவதாக நிற்பார். யார் முந்தினாலும் விடமாட்டார்.