காலையில் சுகமாய் இருக்கும் மகன்

உடுவில் பக்கத்தில் பியாட்றிஸ் மிசியைத் தெரியாதவர்கள் குறைவு. முப்பத்திரண்டு வருடம் குடும்பநல உத்தியோகத்தராக, ஊரின் மருத்துவிச்சியாக இருந்தவர்; மிசி என்று கூப்பிடுவது அதனால்தான். எங்கள் ஒழுங்கையில் இப்போது மீசை வைத்துக்கொண்டு திரிகிற பெடியள் பலரைக் குழந்தையாய்த் தராசில் போட்டு நிறுத்தவர் அவர்தான். ஓய்வு பெற்ற பிறகும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் அவரிடம்தான் ஓடுவோம். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது பயப்பிடுற காய்ச்சல் இல்லை” என்பார். அவர் சொன்னால் அப்படித்தான் இருக்கும்.

கணவர் செல்வத்துரை குடித்தே இறந்தவர். அதை மறைக்க ஒன்றுமில்லை, ஊருக்கே தெரியும். கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், நல்ல உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவர் பாடினால் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு அவர் வேறு ஆள். படலையடியில் கேட்கும் முதல் சொல்லிலேயே இன்றைக்கு எவ்வளவு என்று மிசிக்குத் தெரிந்துவிடும். ஈரல் பழுதாகி அவர் போனபோது ஒரே மகன் ஜெபசீலனுக்குப் பதினாலு வயது.

அவன் நன்றாகப் படித்தான். மருதனார்மடம் சந்திக்குக் கிட்ட இருக்கிற ஒரு ரியூட்டரியில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் படிப்பித்தான். என் மகளும் அவனிடம்தான் போனாள். முப்பத்திமூன்று வயதாகியும் கல்யாணம் கட்டவில்லையே என்பதைத் தவிர மிசிக்கு அவனால் ஒரு கவலையும் இருக்கவில்லை.

போன வருடம் மாசி மாதம் ஒரு பின்னேரம், வகுப்பு முடிந்து வந்தவன் மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு, “அம்மா, தேத்தண்ணி போடுங்கோ” என்றான். சொற்கள் குழறின. மூக்கால் கதைப்பது போல இருந்தது. மிசி அடுப்படியை விட்டு வெளியே வந்தார். பிறகு பையை வாங்குகிற சாட்டில் கிட்டப் போய் மணந்து பார்த்தார். சோக்குத் தூளும் வியர்வையும்தான் மணத்தன. 

“என்னடா, வாய் குழறுது?”

“நாலு மணித்தியாலம் கத்தினால் குழறாதோ, அம்மா?”

அடுத்த நாள் காலையில் அவன் குரல் தெளிவாக இருந்தது. அதுதான் மிசியை இன்னும் பயப்படுத்தியது. செல்வத்துரையும் காலையில் அப்படித்தான் இருப்பார்.

இரண்டு மூன்று கிழமையில் கதை ஊருக்குள் வந்துவிட்டது. “சேர் கடைசி வகுப்பிலை கதைக்கிறது விளங்குதில்லை, கண்ணும் சொருகுது” என்று என் மகள் சொன்னாள். நான் அதை இன்னொருவரிடம் சொன்னேன். அப்பனின் குணம் மகனுக்கும் வந்துவிட்டது என்று நானும்தான் நினைத்தேன். அதைச் சொல்லாமல் இதை எழுதுவது சரியில்லை.

ரியூட்டரி நடத்துகிற சீவரத்தினம் ஒருநாள் காலை, ஜெபசீலன் இல்லாத நேரம் பார்த்து மிசியிடம் வந்தார்.

“மிசி, குறை நினைக்கக்கூடாது. ஒரு தகப்பன் வந்து என்னை நேரையே கேட்டிட்டார், மாஸ்ரர் போட்டிட்டோ வகுப்புக்கு வாறவர் எண்டு. நான் என்ன சொல்ல?”

“நான் பாத்துக்கொள்ளுறன்” என்றார் மிசி. சீவரத்தினம் போன கையோடு மகனின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

அலுமாரி, மெத்தைக்கு அடி, புத்தகங்களுக்குப் பின்னால், பழைய சூட்கேஸ் எல்லாவற்றையும் கிண்டினார். செல்வத்துரை ஒளித்து வைத்த இடங்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். போத்தல் ஒன்றும் இல்லை. மேசை லாச்சியில் ஒரு சதுரக்கோட்டுக் கொப்பி இருந்தது. வகுப்புக் குறிப்பு என்று நினைத்துத் திறந்தார். திகதியும் நேரமும் போட்டு வரிவரியாக எழுதியிருந்தது.

“4.10 சரி. 5.30 ‘ப’ எல்லாம் ‘ம’ ஆகிறது. பரவளைவு என்று சொல்ல முடியவில்லை. 6.05 இடது இமை இறங்குகிறது. கரும்பலகையில் கோடு இரண்டாகத் தெரிகிறது.”

“தண்ணீர் குடித்தபோது மூக்கால் வந்தது. இரண்டாவது தடவை.”

நாலு மாதத்துக்கு இருந்தது; தாயின் காதில் விழ முன்னமே அவன் எழுதத் தொடங்கியிருந்தான். கடைசிப் பக்கங்களில் அவன் அதை ஒரு வரைபாகக் கீறியும் வைத்திருந்தான். கோடு கீழே போய்க்கொண்டிருந்தது. மிசி அந்தக் கொப்பியை மடியில் வைத்தபடி அவனுடைய கட்டிலில் மத்தியானம் வரை இருந்தார்.

அடுத்த கிழமை இரண்டு பேரும் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். கிளினிக் காலையில். காலையில் அவனுக்கு ஒன்றுமில்லை. கையை மடக்கச் சொன்னால் மடக்கினான், நீட்டச் சொன்னால் நீட்டினான். இரத்தத்தில் பிழையில்லை, தலை ஸ்கானிலும் பிழையில்லை. மூன்றாவது முறை போனபோது தனுசியா என்ற இளம் டொக்டர் அந்தக் கொப்பியைக் கேட்டு வாங்கினார். நீண்ட நேரம் வாசித்தார். பிறகு, “ஒண்டிலையிருந்து நூறு வரைக்கும் சத்தமா எண்ணுங்கோ” என்றார்.

அவன் எண்ணினான். நாற்பது வரை கணீரென்று வந்தது. ஐம்பதைத் தாண்டக் குரல் மெல்ல மூக்குக்குள் ஏறியது. எழுபத்தைந்தில் அவன் என்ன சொல்கிறான் என்று தாய்க்கே விளங்கவில்லை. டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவனுடைய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு ரத்தச் சோதனை கொழும்புக்கு அனுப்புறம். நாலு கிழமை செல்லும். நரம்புச் சோதனைக்கும் நெஞ்சு ஸ்கானுக்கும் திகதி போட்டுத் தாறன்.”

“என்ன வருத்தமெண்டு நினைக்கிறியள், டொக்டர்?” என்று மிசி கேட்டார்.

“ரிப்போட் வரட்டும், அம்மா. அதுவரைக்கும் எங்களைக் கேளாமல் வேறை மருந்து ஒண்டும் குடுக்க வேண்டாம்.”

மிசி தலையாட்டினார். ரிப்போட் வரட்டும் என்ற சொல்லை அவரும் எத்தனையோ தாய்மாருக்குச் சொல்லியிருக்கிறார். சொன்ன ஒவ்வொரு முறையும் அவருக்கு விடை முன்னமே தெரிந்திருந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் யன்னல் கரையில் இருந்த மகனிடம் மெதுவாகச் சொன்னார்.

“நான் உன்ரை அறையைக் கிண்டினனான், ஜெபா. போத்தல் தேடி.”

“தெரியும். உடுப்பு மடிச்சிருந்த விதம் வேறை.”

“ஏன் கேக்கேல்லை?”

“நீங்கள் வேறை என்னத்தை நினைக்கிறது, அம்மா? எனக்கும் அப்பான்ரை குரல்தான் கேட்டது.”

பிறகு அந்த நாலு கிழமை. பின்னேர வகுப்புகளைச் சீவரத்தினம் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். ஜெபசீலன் வீட்டிலேயே இருந்தான். சாப்பிடும்போது பாதியில் தாடை களைத்துவிடும். கையால் நாடியைத் தாங்கிக்கொண்டு சப்புவான். மிசி சோற்றைக் குழைத்தார், பிறகு கஞ்சியாக்கினார். அதுவும் சிலவேளை மூக்கால் வந்தது. போதகர் வந்து முழங்காலிட்டு ஜெபித்துவிட்டுப் போனார். யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்று ஒரு வீட்டில் சொன்னார்கள்.

மிசியின் பழைய பாடப் புத்தகங்களில் தசை சூம்பி, மூச்சு நின்று போகிற வருத்தம் ஒன்று இருந்தது. மருந்தில்லாத வருத்தம். மத்தியானத்தில் மகன் கண்ணயர்ந்திருக்கும்போது ரேப்பைக் கொண்டுபோய் அவனுடைய புயத்தை அளந்து பார்ப்பார். கிழமைக்குக் கிழமை குறைந்துகொண்டே வந்தது. சாப்பாடு இல்லாததாலா, அந்த வருத்தத்தாலா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. இதெல்லாம் பிறகு அவரே எனக்குச் சொன்னவை. அந்த நாட்களில் நாங்கள் கேட்டால், “பரவாயில்லை, ரிப்போட்டுக்குப் பாத்துக்கொண்டிருக்கிறம்” என்று படலையடியிலேயே அனுப்பிவிடுவார்.

மூன்றாவது கிழமை முடிய ஜெபசீலனுக்குத் தடிமன் பிடித்தது. அடுத்த நாள் காய்ச்சலும் நெஞ்சில் சளியும். அன்று வெள்ளிக்கிழமை, போயா விடுமுறை. கிளினிக் திங்கட்கிழமைதான். ஆஸ்பத்திரி வாட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம். ஆனால் சளிக் காய்ச்சலுக்கு என்ன கொடுப்பது என்று முப்பத்திரண்டு வருடம் வேலை செய்தவருக்குத் தெரியாதா? டொக்டர் சொன்ன எச்சரிக்கை, தான் தாய்மாருக்குச் சொல்லுகிற அதே எச்சரிக்கை. அது விபரம் தெரியாத ஆட்களுக்கு என்று அவர் நினைத்திருக்க வேண்டும். தெரிந்த பாமசியில் அன்ரிபயோட்டிக் குளிசை ஒரு கார்ட் வாங்கி வந்தார். நாளுக்கு இரண்டு நேரமாக, சனி இரவுக்குள் மூன்று குளிசை கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. தேவாலயத்துக்குப் போகவில்லை, சீலை மட்டும் மாற்றியிருந்தார். மகனின் அறைக்குள் ஏதோ தட்டுப்படுகிற சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தார். ஜெபசீலன் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தான். தலை முன்னால் விழுந்திருந்தது. வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. எச்சில் நாடியால் வடிந்தது. முதல்முறையாக அவனுக்குக் காலையிலேயே வந்திருந்தது.

“மூச்சு எடுக்கேலாதோ?”

கண்ணை மூடித் திறந்தான். மிசி அவனுடைய விரல்களைத் தூக்கிப் பார்த்தார். நகங்கள் நீலம் பாரித்திருந்தன. அந்த நிறத்தைப் பிறந்த குழந்தைகளில் அவர் பார்த்திருக்கிறார்.

மிசி கூப்பிட்ட சத்தத்துக்கு வந்தவர்கள் சேர்ந்து அவனைப் பக்கத்து வீட்டுச் சூசைதாசனின் ஓட்டோவில் ஏற்றினோம். நான் முன்னால் ஓடிப்போய்ப் படலையைத் திறந்தேன். அவனுடைய தலையைத் தன் தோளோடு சேர்த்து இரண்டு கையாலும் தாங்கியபடி மிசி இருந்தார். “நேரை போ, சூசை, ஒண்டுக்கும் நிப்பாட்டாதை” என்று மட்டும் சொன்னார்.

அவசரப் பிரிவில் ஒரு டொக்டர் கேட்டார்: “கடைசியா என்ன மருந்து குடுத்தனீங்கள்?”

மிசி கைப்பையைத் திறந்து அந்தக் குளிசைக் கார்டை எடுத்துக் கொடுத்தார். டொக்டர் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்ற மற்ற டொக்டரிடம் நீட்டினார். திரையை இழுத்து மூடிவிட்டுத் தொண்டைக்குள் குழாய் போட்டார்கள்.

ரிப்போட் மூன்றாம் நாள் வந்தது. டொக்டர் தனுசியா ஐ.சி.யு. வாசலுக்கு வெளியே மிசியை இருத்திச் சொன்னார். மயஸ்தீனியா என்று பெயர். நரம்பிலிருந்து தசைக்குப் போகிற செய்தியை உடம்பே மறித்துவிடுகிறது. மருந்து இருக்கிறது. மிசி பயந்த வருத்தம் அது இல்லை.

“அந்தக் குளிசை?”

“இந்த வருத்தத்துக்கு அது கூடாத குளிசைதான். ஆனால் சளியும் காய்ச்சலும் தனியவே இந்தளவுக்குக் கொண்டு வந்திருக்கலாம். எவ்வளவு எதாலை எண்டு ஒருத்தராலையும் சொல்லேலாது.”

டொக்டர் நேராக ஏசியிருந்தால் சுகமாய் இருந்திருக்கும் என்று மிசி என்னிடம் சொன்னார்.

ஒன்பதாம் நாள் குழாயைக் கழற்றினார்கள். அவனுக்குக் கதைக்க முடிந்த முதல் நாளே மிசி குளிசை விசயத்தைச் சொல்லிவிட்டார். ஜெபசீலன் கரகரத்த குரலில், “நீங்கள் தந்ததெண்டு விழுங்கினனான், அம்மா. விடுங்கோ” என்றான். ஆறுதலுக்குத்தான் சொன்னான். அந்த வசனத்தை மட்டும் அவர் எனக்கு மூன்று தரம் சொன்னார்.

மருந்தோடு அவன் தேறினான். பின்னேரம் ஆறு மணிக்கும் ‘ப’ ‘ப’வாகவே வந்தது. ஆனால் வாட்டில் இருக்கும்போது எடுத்த நெஞ்சு ஸ்கானில் மார்பெலும்புக்குப் பின்னால் ஒரு கட்டி தெரிந்தது. இந்த வருத்தக்காரர் சிலருக்கு அப்படி வருமாம். பெரும்பாலும் மோசமில்லாதது என்றார் டொக்டர். புற்றுநோயா இல்லையா என்று வெளியே எடுத்துச் சோதித்தால்தான் முழுதாகச் சொல்லலாம்.

போன மாதம் கொழும்பில் ஒப்பரேசன் நடந்தது. கட்டியை எடுத்துவிட்டார்கள். ஒரு இடத்தில் நுரையீரலைச் சுற்றியிருக்கிற சவ்வோடு ஒட்டியிருந்ததால் அந்தத் துண்டையும் சேர்த்து வெட்ட வேண்டி வந்தது என்று சத்திரசிகிச்சை டொக்டர் சொல்லியிருக்கிறார். இரண்டையும் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். தாயும் மகனும் வெள்ளவத்தையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் நிற்கிறார்கள்.

முந்தநாள் காலை மிசிக்குப் போன் எடுத்தேன். 

“ஜெபா என்ன மாதிரி?”

“சுகமாய் இருக்கிறான். தோசை மூண்டு சாப்பிட்டவன். இஞ்சை, பேப்பர் வாசிக்கிறான், கேக்குதோ?”

கேட்டது. பின்னால் அவன் யாருக்கோ ஏதோ செய்தியைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தான். நல்ல தெளிவான குரல். ரிப்போட் எப்போது என்று கேட்டேன்.

“இந்தக் கிழமைக்குள்ளை போன் பண்ணுறம் எண்டவை” என்றார். அப்போதே போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். “வேறை ஒரு நம்பர் வருது, ஆஸ்பத்திரி போலை கிடக்கு. வையுங்கோ, நான் பேந்து எடுக்கிறன்.”

இன்னும் எடுக்கவில்லை. நேற்று நான் இரண்டு தரம் முயன்றேன், மணி அடித்து ஓய்ந்தது.