உலகப்படத்துக்குப் பின்னால் ஒரு டப்பா

என் அக்காவுக்குத் திசை தெரியாது. கடைக்குள் போய்விட்டு வெளியே வந்தால், வலப்பக்கமா இடப்பக்கமா என்று திருதிருவென முழிப்பாள். படிக்கிற காலத்தில் வரைபடக் கேள்வியில் ஒரு மதிப்பெண்கூட விட்டதில்லை. அப்பேர்ப்பட்டவள் கல்லூரிக்குப் போன முதல் நாளே பேருந்து நிலையத்தில் வழி தெரியாமல் நின்று அழுதிருக்கிறாள். அந்த அழுகைக்காக இன்றுவரை அவள் பாடப்புத்தகத்தை மன்னிக்கவில்லை.

பிடிவாதத்துக்கென்றே புவியியல் டீச்சர் ஆனாள். அதே பள்ளியில், தலைமையாசிரியர் அறைக்குள் ஓரமாக உட்கார்ந்து டைப் அடிப்பது நான். ஆகவே அவள் இழுத்து வரும் வம்பெல்லாம் முதலில் என் தலையில்தான் விடியும்.

எட்டாம் வகுப்புக்கு அட்சரேகை, தீர்க்கரேகை நடத்த வேண்டிய வாரத்தில் அவள் கரும்பலகைப் பக்கமே போகவில்லை. சின்ன பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஒரு கேள்விச் சீட்டையும் துண்டுப் பென்சிலையும் போட்டு எங்கேயாவது ஒளித்து வைத்தாள். பிள்ளைகளுக்கு இரண்டு எண்கள் மட்டும் கொடுத்தாள். அவற்றை அவளுடைய போனில் போட்டு, நடந்து, தேடி எடுக்க வேண்டும். ஜியோகேச்சிங் என்று பெயராம். எருமை மாதிரி வளர்ந்தவர்கள்கூட ஊர் ஊராகப் போய் விளையாடுகிறார்களாம். போன் நாலைந்து மீட்டர் முன்னே பின்னேதான் காட்டும், மிச்சத்துக்குக் கண் வேண்டும். அதுதான் அவள் வகுப்பின் முதல் பாடம். கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த கும்பல் மணி அடித்த பிறகும் உள்ளே வர மறுத்தது. அக்காவுக்கு 'டப்பா டீச்சர்' என்று பெயர் விழுந்தது.

வினை தெருமுனையில் வந்தது. அங்கே மின்பெட்டிக்கு அடியில் அக்கா எதையோ செருகிவிட்டுப் போவதைப் பார்த்த வங்கிக் காவலாளி, வெடிகுண்டோ என்று பயந்து போலீசைக் கூப்பிட்டுவிட்டார். தெருவை மறித்து, நீளக் கம்பால் டப்பாவைத் திறந்தார்கள். உள்ளே பென்சிலும், 'உன் நிழல் இப்போது எந்தப் பக்கம் விழுகிறது, ஏன்?' என்ற சீட்டும். அதைப் படித்த போலீஸ்காரர் தன் நிழலை ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டாராம்.

தலைமையாசிரியருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. என் எதிரிலேயே அக்காவை நிற்கவைத்துப் பேசினார்.

"திங்கட்கிழமை அசெம்பிளில எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேளுங்க டீச்சர். பள்ளிக்கூடத்துல இருக்கிற டப்பா ஒண்ணு விடாம போகணும். இனிமே பாடம் வகுப்புக்குள்ளதான். முடியாதுன்னா வேற வேலை பாத்துக்கங்க."

வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே அவளிடம் கெஞ்சினேன். "சும்மா ஒரு சாரி சொல்லிட்டுப் போயேன்கா. வாய் தேஞ்சா போயிடும்?"

"நான் சாரி சொன்னா, வெளிய போனதே தப்புன்னு புள்ளைங்க நம்பிடும்டி. நான் அழுத மாதிரி அதுங்களும் எங்கயாவது நின்னு அழணுமா?"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வேலை போனால் இவள் எங்கே போய் நிற்பாள் என்று பயமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை மைக்கைப் பிடித்தாள். "காவலாளி அண்ணன்கிட்ட சொல்லாம அங்க டப்பா வெச்சது என் தப்பு. நேர்லயே போய் அவர்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன். உங்களை வெளிய கூட்டிட்டுப் போனதுக்குக் கேக்க மாட்டேன்." பிறகு ஒரு தாளைத் தலைமையாசிரியரிடம் நீட்டினாள். "டப்பாவெல்லாம் போகணும்னீங்களே சார். எங்கெங்க இருக்குன்னு நம்பர் போட்டிருக்கேன். எடுத்துக்கங்க."

அவரும் விடுகிற ஆள் இல்லை. தானே போனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். தண்ணீர்த் தொட்டியருகே 'வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்றது போன். டப்பாவைக் காணோம். தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். எட்டாம் வகுப்பு முழுக்க ஜன்னல் கம்பியில் தொங்கியது.

"சார், போனைப் பாக்காதீங்க, செங்கல்லைப் பாருங்க" என்றது ஒரு குரல்.

மத்தியானத்துக்குள் ஒன்றைத் தவிர எல்லாம் கிடைத்துவிட்டன. முழங்காலெல்லாம் மண். கடைசி எண் அவரை அவருடைய அறைக்கே கூட்டிக்கொண்டு வந்தது. மேஜைக்கு அடியில் குனிந்தார், அலமாரியைக் குடைந்தார். அவர் நாற்காலிக்குப் பின்னால் ஓர் உலகப்படம் தொங்கும். அவர் அதைத் திரும்பிப் பார்த்து நான் பார்த்ததில்லை. அதைத் தூக்கினார். பின்னால், சுவர் மாடத்தில் டப்பா. எப்போது வைத்தாளோ, அங்கேயே உட்கார்ந்திருக்கும் எனக்கே தெரியாது.

சீட்டை வாய்விட்டே படித்தார். "இந்த அறை ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது?"

ஜன்னலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வடக்கா?" என்றார். வருஷக்கணக்காகக் காலை வெயில் அந்த ஜன்னல் வழியாகத்தான் அவர் மூஞ்சியில் அடிக்கிறது.

அதே நேரம் அக்கா எட்டாம் வகுப்பைக் கேட்டுக்கு வெளியே நடத்திக்கொண்டு போவது தெரிந்தது. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"வேலையை விட்டு அனுப்பறோம்னு உங்க அக்காவுக்கு ஒரு மெமோ டைப் பண்ணும்மா. இப்பவே."

தாளைச் செருகினேன். ஆனால் வீட்டில் அக்காவிடம் கெஞ்சிய வாய் இப்போது வேறு மாதிரி பேசியது.

"பண்றேன் சார். காரணம் என்னன்னு போடட்டும்? கேட்டைத் தாண்டினதுக்கா, ஜன்னல் எந்தப் பக்கம்னு கேட்டதுக்கா?"

அவர் மறுபடி ஜன்னலைப் பார்த்தார். நான் விசைகளில் கையை வைத்துக் காத்திருந்தேன். அவர் காரணம் சொல்லவே இல்லை.