மேற்கு ஜன்னலுக்கு ஒரு மரம்

வளர்ந்த மரங்களைப் பெரிய பெரிய தொட்டிகளில் வைத்து விற்கும் பண்ணையில் அவருக்குப் பதினெட்டு வருட வேலை. வீட்டுக்கு நிழலும் அழகும் வேண்டும் என்று வருகிறவர்களுக்கு, இன்ன வீட்டுக்கு இன்ன மரம் என்று தேர்ந்து கொடுப்பார். மரக்காரர் என்றால்தான் அவரை நாலு பேருக்குத் தெரியும். ஆசை ஆசையாகப் பூவின் நிறத்தைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "உங்க வீட்டுக் கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கமா போகுது?" அப்போது வந்தவர்களின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

அடுத்து ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடுவார். மரம் நிற்கப்போகிற இடத்தில் ஒரு குச்சியை ஊன்றி, இருபது வருஷம் கழித்துக் கிளை எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு நீளக் கயிற்றை அதில் கட்டிச் சுற்றி வருவார். கயிறு சுவரில் முட்டினால் அந்த மரம் கிடையாது. அழுதாலும் கிடையாது. இதனால் முதலாளியிடம் மாதம் ஒரு முறையாவது வாங்கிக் கட்டிக்கொள்வார்.

இந்தப் பிடிவாதம் பிறவிக் குணம் இல்லை, பட்டு வந்த புத்தி. கல்யாணமான அடுத்த மாதம் மாமனார் பண்ணைக்கு வந்தார். நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், அங்குலம் பிசகாத மனிதர். பளபளவென்று அகல இலை விட்டிருந்த ரப்பர் மரம் ஒன்று அவருக்குப் பிடித்துப்போயிற்று. குளியலறைச் சுவரிலிருந்து சரியாக ஐந்தடி தள்ளி வைக்கப்போவதாகச் சொன்னார். தொட்டியில் இருந்ததை அளந்தார், வளரப்போவதை அளக்கவில்லை. அங்கே வைத்தால் வேர் குழாயைப் பிடிக்கும் என்று மரக்காரருக்குத் தெரியும். ஆனால் புது மாப்பிள்ளை ஆயிற்றே. "சரிங்க மாமா" என்றார். அதோடு விட்டாரா? "நல்ல இடம்ங்க மாமா" என்றும் சேர்த்துக்கொண்டார்.

நாலே வருஷத்தில் வேர் குழாய்க்குள் புகுந்தது. குளியலறையைப் பெயர்த்துப் போட்டார்கள், மரத்தையும் வெட்டினார்கள். அன்றோடு மாமனார் மருமகனிடம் பேச்சை நிறுத்தினார். ஏழு வருஷமாக எல்லாம் மகள் வழியாகத்தான். ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கும்போதே, "உன் வீட்டுக்காரருக்கு இன்னும் கொஞ்சம் சாதம் வைம்மா" என்பார். மகளும் அதை ஒரு தரம் திருப்பிச் சொல்லுவாள். வெளியிலிருந்து பார்த்தால் சிரிப்பாகத்தான் இருக்கும். மரக்காரருக்கோ அது நெஞ்சில் தைத்த முள். சொந்த அப்பாவைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்தவர் அவர்.

இந்த வருஷம் மாமியார் இடுப்பு எலும்பு முறிந்து படுத்துவிட்டார். அவர் படுத்திருந்த மேற்கு அறையில் மூன்று மணிக்கு மேல் வெயில் நேரே முகத்தில் அடித்தது. திரை போட்டால் அறை அடுப்பாகிவிடும், வாசலும் தெரியாது. மாமனார் மகளுக்குப் போன் செய்தார். "உங்க பண்ணையில பெரிய குல்மோகர் இருக்கான்னு கேளு. ஜன்னலை ஒட்டி வைக்கணும்."

மனைவி கணவனைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னாள்: "இந்த ஒரு தடவை வாயைத் திறக்காம அவர் கேக்கிறதைக் குடுத்துடுங்க. தன்னால பேச்சு வந்துடும். நானும் எத்தனை வருஷம்தான் நடுவுல நிக்கிறது?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனார்கள். ஜன்னலிலிருந்து ஆறடியில் மாமனார் ஏற்கெனவே சுண்ணாம்பால் வட்டம் போட்டு வைத்திருந்தார்.

"இடம் எப்படி இருக்குன்னு கேளும்மா."

"இடம் எப்படி இருக்குன்னு கேக்கிறார்."

மரக்காரர் குச்சியை ஊன்றிக் கயிற்றைக் கட்டினார். நாலு எட்டு வைப்பதற்குள் கயிறு ஜன்னல் கம்பியில் முட்டி நின்றது. குல்மோகர் கிளை காற்றுக்கு முறியும் ஜாதி. அது முறிந்தால் ஓட்டுக்கூரையைப் பொத்துக்கொண்டு விழும்; அதற்கு நேர் கீழே மாமியாரின் தலையணை இருந்தது. 'சரிங்க மாமா' நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொல்லிவிட்டால் ஏழு வருஷப் பாரம் இறங்கிவிடும். உள்ளே மாமியார் கையைக் கண்ணுக்குமேல் குடையாகப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது வேண்டாங்க மாமா" என்றார் மரக்காரர், மனைவியைப் பார்க்காமல் நேராக. "கிளை முறிஞ்சா அத்தை மேலதான் விழும். மகிழம் வைக்கலாம். மெதுவா வளரும், ஆனா கிளை உறுதி. பத்து வருஷம் வளர்ந்ததாவே கொண்டு வர்றேன். பதினாறு அடி தள்ளி வைக்கணும். உங்க கார் கொட்டகை இருக்கிற இடம் அது. கொட்டகையைப் பிரிச்சாகணும்."

போச்சு, எல்லாம் போச்சு என்று மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மாமனார் கொட்டகையைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். பிறகு மருமகனைப் பார்த்தார்.

"குழாய் உடைஞ்சதுக்காகவா நான் பேசாம இருந்தேன்னு நினைச்சீங்க?" என்றார். "உங்க தொழில் அது. அன்னைக்கே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சும் நல்ல இடம்னு சொன்னீங்க. தலையாட்ட ஆள் தேடியா நான் என் பொண்ணைக் குடுத்தேன்?"

ஏழு வருஷமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த சமாதானங்களை எல்லாம் மரக்காரர் ஒதுக்கிவிட்டார். கண் கலங்கிவிட்டது. "தப்புதாங்க மாமா" என்றார்.

"தப்புதான்" என்றார் மாமனார். இன்னும் நிறைய பாக்கி வைத்திருந்தார் போலிருக்கிறது, மூச்சை இழுத்துக்கொண்டார்.

ஜன்னலுக்குள்ளிருந்து மாமியாரின் சத்தம் வந்தது. "சண்டையை அப்புறம் போட்டுக்கலாம். முதல்ல கொட்டகையைப் பிரிங்க ரெண்டு பேரும். மணி மூணாச்சு, வெயில் வந்துடுச்சு."