கீரை காயாத மழைக்கணக்கு

எங்கள் தாவ்யுவான் பாசனச் சங்கத்துக்குத் தட்டச்சு வேலைக்கு வந்தவள் ஷு-சின். தட்பவெப்பக் கணினி மாதிரிகள் தரும் மழைக்கணக்கைத் திருத்துவதைத் தானாகவே கற்றுக்கொண்டாள். அந்த மாதிரிகள் மலைகளைக் குட்டையாக்கிவிடும். மழையைக் கூட்டிச் சொல்லும். எங்கள் மழைமானியின் முப்பது ஆண்டுப் பதிவோடு ஒப்பிட்டு அந்தப் பிழையை நீக்குவது அவள் வேலை.

சென்ற குளிர்காலத்தில் அவள் தந்த அறிக்கை, இனி நீண்ட வறட்சி வராது என்றது. அதை நம்பித் தலைவர் பெங், மேலக்குளத்தைத் தூர்த்து வீட்டுமனை போடலாம் என்றார். புத்தாண்டு கழிந்ததும் தீர்மானம். ஷு-சின்னின் அண்ணன் ஜின்-ஃபாவின் வயல் குடிப்பது அந்தக் குளத்துத் தண்ணீரைத்தான்.

ஞாயிறன்று அவள் அண்ணன் வீட்டுக்குப் போனபோது, உப்பில் ஊறிய கடுகுக்கீரையை அண்ணனும் அண்ணியும் அறுவடை முடிந்த வயலில் காயப் பரப்பிக்கொண்டிருந்தார்கள்.

"உன் மழை எங்க பெய்யுதுன்னு சொல்லு தங்கச்சி. வயலை அங்க தூக்கிட்டுப் போயிடறேன்" என்றான் அண்ணன்.

அண்ணி லியன்-மெய் வானத்தைப் பார்த்து, "நாலு நாளாவது சேர்ந்தாப்புல வெயிலடிக்கணும். நடுவுல ஒரு தூறல் போட்டாலும் பூஞ்சைதான்" என்றாள்.

மறுநாள் அண்ணியின் சொல்லோடு ஷு-சின் கணினிமுன் உட்கார்ந்தாள். அவள் திருத்திய கணக்கில் மாத மொத்தம் மழைமானியோடு அப்படியே பொருந்தியது. ஆனால் முப்பது குளிர்காலத்தில் ஒருமுறைகூட நாலு நாள் சேர்ந்து காயவில்லை. மாதிரி அன்றாடம் கொஞ்சம் தூறியது. அவள் தூறலின் அளவைக் குறைத்தாளே தவிர, தூறும் நாட்களைக் குறைக்கவில்லை. வசந்தத்திலும் அதே தூறல்தான் ஒவ்வொரு வறட்சியையும் துண்டு துண்டாக நறுக்கியிருந்தது.

முதலில் அற்பத் தூறல்களைச் சுழியாக்கி, காய்ந்த நாட்களின் எண்ணிக்கையை மழைமானியோடு பொருத்தினாள். பிறகே மீதி மழையின் அளவைத் திருத்தினாள். வாய்க்காலை அடைத்து வயல்களைத் தரிசாகப் போட்டோமே, அப்படிப்பட்ட வசந்தங்கள் இப்போது கடந்த முப்பது ஆண்டுக் கணக்கில் தென்பட்டன. நிஜத்தில் வந்த அதே ஆண்டுகளில் அல்ல; மாதிரி ஆண்டு தப்பாமல் சொல்லத் தேவையுமில்லை. ஏறக்குறைய அதே அளவுக்கு அடிக்கடி வந்தன. வருங்காலத்தில் அவை இன்னும் நீண்டன.

அவள் தன் முதல் அறிக்கையைத் திரும்பப் பெறக் கேட்டபோது பெங் மதியச் சாப்பாட்டில் இருந்தார்.

"ஏம்மா, உங்கண்ணன் குளம்னதும் மழை நின்னுபோச்சா?"

"அந்தச் சந்தேகம் வரணும் சார். அதான் வேற ஆள் செஞ்சு பாக்கட்டும்கறேன். ஆனா பழைய கணக்குப்படி பாத்தா, நீங்க குடிக்கிற சூப்புல அந்தக் காஞ்ச கடுகுக்கீரையே இருக்க முடியாது."

பெங் கிண்ணத்துக்குள் பார்த்தார். பிறகு, சங்கத்தில் நீர்க்கணக்குப் பார்க்கும் என்னைக் கூப்பிட்டு, வேறு மாதிரியின் கணக்கை எடுத்து முதலிலிருந்து செய்யச் சொன்னார். எனக்கும் அதே விடைதான் வந்தது.

கூட்டத்தில் குளத்தை மூடாமல், சேறு அள்ளித் தூர்வார முடிவாயிற்று. இப்போது சேறு நாறுகிறது என்று முதலில் புகார் சொன்னவன் ஜின்-ஃபாதான். அந்தச் சேற்றையே வண்டி வண்டியாகத் தன் வயலுக்கு அள்ளிக்கொண்டு போகிறவனும் அவன்தான்.