சொல்லிவிட்டுப் போன ஊர்

என் வேலையைச் சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். கவனிப்பார் இல்லாத கிராமங்களுக்கு என்னென்ன செய்யலாம் என்று அரசாங்கத்துக்குப் பரிந்துரை எழுதித் தரும் ஒரு சின்ன அமைப்பில் இருக்கிறேன். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்துத் தென்னூர் போய், மாடி அறையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, ‘ஊரகச் சமூகங்களை வலுப்படுத்துதல்’ என்று தட்டச்சு செய்வேன். "நம்ம வீட்டுக் குழாய் ஒழுகி ஒரு மாசம் ஆச்சு. இவ ஊரை வலுப்படுத்தப் போறா" என்பார் என் கணவர். நியாயமான கிண்டல்தான்.

சில வருடங்களுக்கு முன்பு துவாக்குடி தாண்டி ஒரு மானாவாரி ஊருக்குக் கணக்கெடுப்புக்காகப் போனோம். முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுப் போனோம். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எங்களுக்காக ஒரு வேன் காத்திருந்தது. சீட்டில் வெளுத்த துண்டு விரித்திருந்தார்கள். ஊருக்குள் தெருவெல்லாம் தண்ணீர் தெளித்துக் கோலம். சமுதாயக்கூடத்தில் வாடகை நாற்காலி, வடை, பாயசம், பன்னீர் சோடா. மாப்பிள்ளை வீட்டாருக்குக்கூட அப்படி உபசாரம் நடக்காது.

நான் கேள்வித்தாளை விரித்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். குடிதண்ணீர் வருகிறதா? வருதுங்க. பள்ளிக்கூடம்? இருக்குங்க. ஊருக்குள் வந்து போக வண்டி வசதி? கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு மெலிந்த மனிதர்தான் பதில் சொன்னார். "அதுக்கெல்லாம் ஒண்ணும் குறை இல்லைங்க மேடம். மொதல்ல சோடாவைக் குடிங்க." பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி ஏதோ சொல்ல எழுந்தார். இவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். வீடு தேடி வந்தவர்களிடம் வந்த அன்றைக்கே குறையைக் கொட்டுவதற்கு அந்த ஊருக்கு மனம் வரவில்லை. அது எனக்கு அப்போது புரியவில்லை. வண்டி வசதி உண்டு என்று டிக் அடித்தேன். நானே வேனில் வந்தவள்தானே.

அறிக்கை முடியும் தறுவாயில் ஒரு வெள்ளிக்கிழமை, நாத்தனாரைப் பார்க்கத் திருச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவில் ஒருவர் என் கையைப் பிடித்தார்.

"மேடம், நல்லா இருக்கீங்களா? எங்க ஊருக்கு வந்தீங்களே!"

அன்று கூட்டத்தில் எழுந்து உட்கார்ந்த அந்த அக்காதான். பக்கத்து பெஞ்சில் அவர் கணவர், அன்று என்னைச் சோடா குடிக்கச் சொன்ன அந்த அண்ணன், சுவரில் தலையைச் சாய்த்திருந்தார்.

"என்னக்கா இங்க?"

"இவருக்கு ரெண்டு கிட்னியும் வேலை செய்யலைங்க. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். இங்க நல்லாத்தான் பாக்குறாங்க. வீட்டுக்குப் போய்ச் சேர்றதுதான் பெரும்பாடு. செவ்வா மட்டும் போதும், வெள்ளிக்கிழமை இனிமே வேணாங்கிறாரு. விட்டா உசுருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. கேக்க மாட்டேங்கிறாரு. நடக்க முடியலைங்க மேடம்."

"ஏன் நடக்கணும்? ஊர்ல வேன் இருக்கே?"

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "அது உங்களுக்காக வாடகைக்குப் புடிச்சதுங்க. அந்த வெயில்ல நீங்க எப்படி நடப்பீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. நாத்தனாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவர்களோடேயே பஸ் ஏறினேன்.

மெயின் ரோட்டில் இறங்கும்போது மணி மூன்று. சித்திரை வெயில். அக்கா குடையை அண்ணனுக்குப் பிடித்துக்கொண்டு தான் வெயிலில் நடந்தார். பைக்கில் வந்த ஒருவர் நிறுத்தி, அண்ணனை ஏறிக்கொள்ளச் சொன்னார். அக்கா வேண்டாம் என்றார். டயாலிசிஸ் முடிந்தால் தலை சுற்றுமாம். முன்பு ஒரு தடவை பைக்கிலிருந்து விழுந்து கை முறிந்துவிட்டதாம். அண்ணன் முதலில் ஒரு மைல்கல்லில் உட்கார்ந்தார். அடுத்து ஒரு மதகுச் சுவரில். என் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அக்கா தடுத்தார். ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அவருக்கு அளவு உண்டு. அன்றைய அளவு தீர்ந்துவிட்டது. மூன்றாவது தடவை வெறும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு அடங்கியதும் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"உங்களையும் வெயில்ல நடக்க வெச்சிட்டோமே மேடம்."

அழுதுவிட்டேன். கேள்வித்தாளும் பேனாவுமாக அந்த ஊரை அளக்கப் போனவள், நடுரோட்டில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"வெள்ளிக்கிழமையை விட மாட்டேன்னு எங்கிட்ட சொல்லுங்கண்ணே."

"காலு ஒத்துழைச்சா விட மாட்டேன்" என்றார்.

வீடு போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

திங்கட்கிழமை அலுவலகத்தில் அந்த டிக்கை அழித்துவிட்டு, இருந்த பரிந்துரைகளுக்கெல்லாம் மேலே பஸ்ஸை எழுதினேன். எங்கள் தலைவர் நல்ல மனிதர், ஆனால் அட்டவணைப் பிரியர். "ஒரு ஆளுக்காகவா பஸ் கேக்கப் போறோம்?" என்றார். கோபத்தோடுதான் வெளியே வந்தேன். ஆனால் அவர் கேட்டதிலும் விஷயம் இருந்தது. மறுநாள் யாரிடமும் சொல்லாமல் மெயின் ரோட்டிலிருந்து அந்த ஊருக்கு நடந்தே போய், தண்ணீர் பிடிக்கும் இடத்தில் பெண்களோடு நின்றேன். கோலமும் இல்லை, சோடாவும் இல்லை. வேர்த்து விறுவிறுத்து வந்தவளைப் பார்த்ததும் அவர்களே பேச ஆரம்பித்தார்கள். பிரசவ வலியோடு அந்த ரோட்டில் நடந்தவர், காலேஜை நிறுத்திய மகள், சந்தைக்குப் போகாமலே வாடிப்போன கத்தரிக்காய் என்று ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் சொன்னார்கள். எல்லாவற்றையும் அப்படியே எழுதினேன். ‘வலுப்படுத்துதல்’ என்ற வார்த்தை அந்தப் பக்கத்தில் ஓர் இடத்தில்கூட வரவில்லை. தலைவர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் அக்காவுக்குப் போன் போடுவேன். "போனீங்களா?" "போனோம் மேடம்." ஆடி மாதத்தில் ஒரு வாரம் "இன்னிக்குப் போகலைங்க" என்றார். அடுத்த வாரமும் அதே பதில். அதற்கடுத்த வாரம் போன் போடவே எனக்குப் பயமாக இருந்தது. ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போயிருந்த எங்கள் அறிக்கையைத் தேடி நானும் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினேன். என்னைக் கண்டாலே குமாஸ்தாக்கள் ஃபைலைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள், அப்படி நச்சரித்தேன்.

எங்கள் பரிந்துரைகளில் பாதிக்கு மேல் இன்னும் ஃபைலில் தூங்குகின்றன. பஸ் மட்டும் கிடைத்தது. மெயின் ரோட்டோடு போய்க்கொண்டிருந்த ஒரு டவுன் பஸ், காலையும் மாலையும் ஊருக்குள் வந்து திரும்பும் என்று உத்தரவானது.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, டயாலிசிஸ் முடிந்து ஊர் திரும்பிய அவர்கள் இருவரோடும் அந்த பஸ்ஸில் போனேன். அண்ணனுக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பஸ் மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்புவதற்குள் அக்காவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். ஊர் வந்தது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். அக்கா அவரைப் பார்த்து, "ரெண்டு நிமிஷம் இருக்கட்டுங்க" என்றார். கண்டக்டர் விசிலை எடுத்துவிட்டார். டிரைவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு இன்ஜினை அணைத்தார். இறங்க வேண்டியவர்கள் கூடையையும் பையையும் தூக்கிக்கொண்டு, சத்தம் போடாமல் அவரைத் தாண்டி இறங்கிப் போனார்கள். நானும் எழுந்திருக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பத்தடி தூரத்தில் அவர் வீடு இருந்தது.